தண்டியடிகள் சுமந்த மண்

திருவாரூர்ப் பூங்கோயிலுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் கமலாலயத் திருக்குளத்தை அறியாத சைவர் இலர். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று அவ்வூரார் பெருமையோடு கூறுவர். சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன்னை இக்குளத்தில் எடுத்தார் என்னும் வரலாற்றை மெய்யன்பர்கள் பலகாலும் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது அக்குளத்திலிருந்து வந்த பொன்னை அன்று. அதிலிருந்து கூடை கூடையாக வெளியேறிய மண்ணை.

அம்மண்ணைச் சுமந்தவர் தண்டியடிகள் நாயனார். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் இவரைப் போற்றுவதால், அவர் காலத்துக்கு முற்பட்டவர் என்பது தெளிவு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இவர் வரலாற்றை விரித்துரைத்தார். அக்காலத்தில் குளத்தின் பக்கத்தே சமணப் பள்ளிகள் நெருங்கிக் குளம் இடம் குறைந்துபோயிற்று. அடிகள் செய்தது என்ன? குளத்தின் உள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டார். இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணைக் கல்லினார். கூடையில் எடுத்துக் கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார். கண்ணுடையார் பலர் வாழ்ந்த ஊரில் குளம் தூர்வதைக் கண்டவர் கண்ணிலாத ஒருவரே என்பதை எண்ணும்தோறும் நம் நெஞ்சம் நாணுகின்றது.

மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மாயுமே என்று சமணர்கள் தடுத்தனர். பின்னர்த் தறிகளையும் கயிற்றையும் பறித்தனர். அடிகள் இறைவனிடம் முறையிட்டுக் குளத்தில் மூழ்கிக் கண் பெற்று எழுந்தார். சோழ மன்னன் குளத்தின் கரையைச் செம்மைப்படுத்தினான் என்று புராணம் முடிகின்றது. சமயப் பூசல் மிகுந்திருந்த காலத்துச் செய்திகளை அக்காலத்தோடு வைத்துக் காண்பதே முறை. ஆயினும் சிற்றுயிர்களைப் பற்றிய அந்த வினாவை எள்ளி நகையாட நாம் உடன்படோம். மண்வெட்டி பட்டு உயிர்கள் மடிவது உண்மையே. ஆனால் தூர்ந்த குளத்தில் மீனும் ஆமையும் தவளையும் கோடைதோறும் கூண்டோடு மடியும். கரையில் வாழும் மக்களும் தாங்கார். தூர்வாரிய குளமே அவ்வுயிர்களுக்கும் அடைக்கலம்.

குளம் தூர்வது எவ்வாறு எனின், ஒவ்வொரு மழையிலும் நீரோடு வண்டல் வந்து படிகின்றது. ஆண்டுக்குச் சிறிதுதான், எவர் கண்ணுக்கும் தெரியாது. ஐம்பது ஆண்டுகளில் ஆழம் போய்விடும். ஆழம் குறைந்த நீர் வெயிலில் விரைவில் சூடேறும், பாசி பிடிக்கும், உயிர்க்காற்று குறையும். நுண்ணிய வண்டல் அடித்தரையை மெழுகினாற்போல மூடிவிட, நீர் நிலத்தினுள் இறங்காது. சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளில் ஊற்று தளரும். குளத்தின் நோய் கிணற்றின் நோயாகி, மனிதரின் வயிற்று நோயாக முடியும். அடிகள் சுமந்த ஒவ்வொரு கூடையும் திருவாரூர்க் கிணறுகளுக்குச் செய்த தொண்டு என்றால் மிகையாகாது.

இத்தொண்டு தனியொருவர் தலையில் மட்டும் சுமத்தப்பட்டதும் அன்று. முதற் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைக் குடவோலை முறைக்காகப் பலரும் புகழ்கின்றனர். அக்குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியம் என ஒன்று தனியே இருந்ததை நினைப்போர் சிலரே. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்தில் அமரலாகாது என்று ஊர்ச்சபை விதித்தது. ஏரியைப் பேணுவதற்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. ஏரி அழிந்தால் ஊர் அழியும் என்பதை அறிந்தவர்களே கணக்கில் இத்துணைக் கண்டிப்புக் காட்டுவர்.

ஆனால் நம் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்று கூறிப் பெருமை கொள்வது வரலாறு ஆகாது. நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோயைப் பெரியவர்கள் சிலர் நினைவுகூரக் கூடும். நோயாளியின் காலில் கொப்புளம் எழும். அது வெடித்து, ஏறக்குறைய இரண்டு முழ நீளப் புழு நூல்போல மெல்ல மெல்ல வெளிவரும். எரிச்சல் தாளாமல் அவர் படித்துறையில் இறங்கிக் காலை நனைப்பார். அந்நொடியே புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அவற்றைக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நீர்த்தெள்ளு விழுங்கும். அத்தெள்ளோடு கூடிய நீரை வடிகட்டாது பருகியவர் உடலில் ஓராண்டு கழித்துப் புதிய புழு தலைகாட்டும். நாம் வணங்கி இறங்கும் படிகளே நோய்க்கு வழியாயின. இந்நோயை ஒழிக்க மருந்தொன்றும் பயன்படவில்லை. படிக்கிணறுகளை மாற்றியும், குடிநீரைத் துணியால் வடிகட்டியும், புண்பட்ட காலோடு குளத்தில் இறங்காது தடுத்துமே ஒழித்தனர். 1996இல் இந்தியாவின் கடைசி நோயாளி இராசத்தானத்தில் கண்டறியப்பட்டார். 2000ஆம் ஆண்டில் நம் நாடு அந்நோயினின்று விடுபட்டதென உலக நலவாழ்வு நிறுவனம் சான்று அளித்தது. தமிழகம் அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே விடுபட்டது.

பாண்டி நாட்டு வறண்ட ஊர்களில் குடிப்பதற்கென்றே ஊருணி வைத்து, அதில் குளிக்கவும் துவைக்கவும் கால் கழுவவும் தடை செய்திருந்த வழக்கத்தின் பொருள் இப்போது விளங்குகின்றது அன்றோ? புழுவை அவர்கள் கண்டிலர். எனினும் குடிநீர் வேறு, குளிநீர் வேறு எனப் பிரித்தறிந்தனர். இதே தூய்மையின் பெயரால் மக்களுள் ஒரு சாராரைக் குளக்கரைக்கே வரவொட்டாமல் விலக்கிய கொடுமையும் நம் வரலாற்றில் உண்டு. அதை மறைப்பது சிவநெறிக்கு அழகன்று. புழு சாதி பார்த்துக் கடிக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிகளின் பொறுப்பு ஊர்ச்சபைகளிடமிருந்து நழுவியது. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்தை மீட்க 1858இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய வேலைச் சட்டமே இயற்றப்பட்டது. அன்பினால் செய்ததைச் சட்டத்தினால் செய்விக்க முயன்றனர், பெரும்பயன் விளையவில்லை. பழைய பெயரிலேயே தமிழக அரசு 2017இல் மீண்டும் ஒரு திட்டம் தொடங்கியது. திருமயிலைக் கபாலீச்சரத்துக் குளம் 2000ஆம் ஆண்டையொட்டி வறண்டு கிடந்ததைச் சென்னை அன்பர்கள் கண்டிருப்பர். 2003இல் கட்டடங்கள்தோறும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாயிற்று. சுற்றுப்புற மழைநீரும் குளத்துக்குத் திருப்பப்பட்டது. அதன் பின்னரே அக்குளத்தில் தெப்பம் மிதக்கும் அளவுக்கு நீர் தங்கிற்று.

இன்று நம் திருக்குளங்களைத் தூர்ப்பவை வண்டல் மட்டும் அல்ல. எண்ணெய்ப் பைகள், கற்பூர உறைகள், பரிகாரத்தின் பேரில் களைந்தெறியும் ஆடைகள். மீன்களுக்குப் பொரி இடுவது புண்ணியம் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டுகின்றோம். கொசுவின் புழுக்களை உண்டு ஊரைக் காக்கும் மீன்கள் அவை. உண்ணாது எஞ்சிய பொரி அழுகி, நீரிலுள்ள உயிர்க்காற்றைக் குடித்துவிட, விடியற்காலையில் அம்மீன்களே வெண்மையாய்ச் செத்து மிதக்கின்றன. பிடிப்பொரியோடு நிறுத்துமாறு எந்தக் கோயில் வாயிலிலும் நாம் வேண்டுவோம்.

தண்டியடிகளின் குருபூசை நாள் பங்குனிச் சதயம். வழக்கமாக மேட்டூர் அணை சனவரி 28இல் மூடப்படும். பங்குனி பிறக்கும்போது சோழநாட்டுக் குளங்கள் பலவற்றில் நீர் தாழ்ந்து அடித்தரை வெளித்தெரியும். மண்வெட்டியும் கூடையும் இறங்கக் கூடிய காலம் அதுவே.