ஒரே பேரு, ரெண்டு ஓனரு

பொட்டி தட்டுற மக்களே, 2020 மே மாசம் ஜிசிசி 10 வந்தப்போ உங்கள்ல பல பேரு திட்டியிருப்பீங்க. நானும் திட்டினேன். வருஷக்கணக்கா சமத்தா ஓடிட்டிருந்த பழைய சி ப்ரோக்ராம் ஒண்ணு, திடீர்னு 'மல்டிபிள் டெஃபினிஷன்'னு லிங்க்கர்ல படுத்துடுச்சு. நான் ஒரு வரி கூட மாத்தலை, சத்தியமா!

இதோட வேரைத் தேடினா ஃபோர்ட்ரான்ல போய் நிக்குது. 1958-ல வந்த ஃபோர்ட்ரான் 2-ல 'காமன்'னு ஒரு பொது இடம் உண்டு. வேணுங்கற சப்ரூட்டீன் எல்லாம் அதை அறிவிச்சுக்கலாம். தனியா ஓனர்னு யாரும் கிடையாது. சி-யிலயும் டென்னிஸ் ரிச்சி நினைச்சது இதைத்தான்னு தரநிர்ணயக் கமிட்டியோட விளக்கவுரை சொல்லுது. ஆனா 1978-ல கெர்னிகனும் அவரும் எழுதின புத்தகத்துல, ஒரு மாறிக்கு ஒரே இடத்துலதான் டெஃபினிஷன் இருக்கணும். 1989 ஆன்ஸி சி-யும் புத்தகத்தோட பக்கம்தான் (பின்னிணைப்புல மட்டும், பல கம்பைலர்கள் இதை அனுமதிக்குதுன்னு ஒரு ஓரமா எழுதி வெச்சாங்க!).

யூனிக்ஸ் பக்கம் நடந்தது என்னன்னா, ஆரம்ப மதிப்பு தராத குளோபலுக்கு கம்பைலர் இடம் ஒதுக்காது. பேரையும் சைஸையும் மட்டும் 'காமன்'னு குறிச்சு வெச்சுடும். லிங்க்கர் ஒரே பேருல இருக்கறதையெல்லாம் ஒண்ணாக்கி, இருக்கறதுலயே பெரிய சைஸுக்கு இடம் கொடுத்துடும். ஒண்ணுக்கு மட்டும் மதிப்பு கொடுத்திருந்தா அது ஜெயிக்கும். ரெண்டுக்கும் கொடுத்திருந்தாத்தான் சண்டை. ஒரு ஃபைல்ல இன்ட், இன்னொண்ணுல டபுள்னு இருந்தாலும் பெரும்பாலும் சத்தமே வராது.

ஜிசிசி 10 புதுசா எதையும் கண்டுபிடிக்கலை. 'எஃப்-நோ-காமன்' ஆப்ஷன் முன்னாடியே இருந்ததுதான். அதை டீஃபால்ட் ஆக்கினாங்க, அவ்வளவுதான். 'எஃப்-காமன்' போட்டா பழையபடி ஓடும். நானும் முதல்ல அதைப் போட்டுத்தான் தப்பிச்சேன்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பொழுது போகாம அந்த எரர் லிஸ்டைப் பாத்தேன். பதினோரு பேரு. பத்து, ஹெடர்ல 'எக்ஸ்டர்ன்' போடாம விட்டது. பதினொண்ணாவது 'கவுன்ட்'. ஒரு ஃபைல்ல அது பில் எண்ணிக்கை, இன்னொண்ணுல பிரின்டர் எத்தனை தடவை முயற்சி பண்ணுச்சுங்கற கணக்கு. ரெண்டும் ஒரே 4 பைட்ல குடித்தனம்!

பிரின்டர் மக்கர் பண்ற அன்னிக்கெல்லாம் பில் எண்ணிக்கை தப்பா வரும். டேட்டா என்ட்ரி பண்ற அம்மாதான் சரியா அடிக்கலைன்னு நாங்களே முடிவு கட்டி, அவங்களை நிக்க வெச்சுக் கேட்டிருக்கோம். கேட்டவங்கள்ல நானும் ஒருத்தன்.

அவங்க ரிட்டையர் ஆகிட்டாங்க. போன் நம்பரைத் தேடிட்டிருக்கேன்.