லூனா நிலத்தடி ஆய்வு

விண்மீன்களுக்குள் தனிமங்களை ஆக்கும் அணுக்கரு வினைகளை அளக்க, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் நடந்துவரும் ஆய்வு லூனா. 1991-இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது.

சூரிய மையத்தின் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி செல்சியஸ். ஆயினும் அங்கே நேர்மின்னூட்டம் கொண்ட கருக்கள் ஒன்றையொன்று விலக்குவதால், அவை இணைவது அரிது. சூரியன் பல நூறு கோடி ஆண்டுகள் எரிவதும் அதனால்தான். ஆய்வகத்துக்கோ இந்த அருமையே பெருந்தடை. தரைமட்டத்தில் அண்டக் கதிர்கள் கருவிகளில் எழுப்பும் இரைச்சலில் வினையின் தடயம் மறைந்துவிடும். ஆகவே உயர் ஆற்றலில் அளந்து, விண்மீன் ஆற்றலில் என்ன நடக்கும் என்று கணக்கிட்டே அறிய வேண்டியிருந்தது. கிரான் சாசோவின் 1,400 மீட்டர் பாறை, அண்டக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களின் பொழிவைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது.

முதலில் எடுத்துக்கொண்டது இரண்டு ஹீலியம்-3 கருக்கள் இணையும் வினை. சூரியனிலிருந்து எதிர்பார்த்ததைவிடக் குறைவான நியூட்ரினோக்களே வந்தது அன்று பெரும் புதிர். இந்த வினையில் குறைந்த ஆற்றலில் ஓர் ஒத்ததிர்வு, அதாவது வினைவீதம் திடீரென உயரும் நிலை, ஒளிந்திருந்தால் புதிர் அவிழும் என்று 1972-இல் வில்லியம் ஃபௌலர் கருதினார். 1983-இல் சுப்பிரமணியன் சந்திரசேகருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே. லூனாவின் 50 கிலோவோல்ட் முடுக்கி 16.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை இறங்கி அளந்தது. அந்த எல்லையில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டே நிகழ்வுகள்! 1999-இல் முடிவு வெளியானது: ஒத்ததிர்வு இல்லை. ஒரு விண்மீன் வினை சூரியனில் நடக்கும் ஆற்றலிலேயே நேரடியாக அளக்கப்பட்டது அதுவே முதல்முறை. நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுவதே பற்றாக்குறைக்குக் காரணம் என்பதைப் பின்னர் கனடாவின் சட்பரி ஆய்வகம் நிறுவியது.

லூனாவின் அளவீடுகளில் விளைவு மிகப் பரந்தது நைட்ரஜன்-14 புரோட்டானை ஏற்கும் வினையே எனலாம். கார்பன்-நைட்ரஜன்-ஆக்சிஜன் சுழற்சியில் மிக மெதுவானது இது. முழுச் சுழற்சியின் வேகமும் இதைப் பொறுத்தது. 400 கிலோவோல்ட் முடுக்கியைக் கொண்டு 2004-இல் வெளியான அளவீடு, வினைவீதம் முன்பு நம்பியதில் ஏறக்குறைய பாதிதான் என்று காட்டியது. அதனால் கோளக விண்மீன் கொத்துகளின் கணித்த வயது 70 முதல் 100 கோடி ஆண்டுகள் வரை கூடியது.

2020-இல் டியூட்டீரியம் ஹீலியம்-3 ஆகும் வினையின் துல்லிய அளவீடு வெளிவந்தது. பெருவெடிப்புக்குப் பிந்தைய சில நிமிடங்களைப் பற்றிய கணக்கு அதனால் உறுதிப்பட்டது. 2023-இல் அதே நிலத்தடியில், இயற்பியலாளர் என்ரிக்கோ பெல்லோத்தியின் பெயரால் 35 லட்சம் வோல்ட் முடுக்கி நிலையம் திறக்கப்பட்டது. கார்பன்-12 ஹீலியத்தை ஏற்று ஆக்சிஜன்-16 ஆகும் வினை, அந்நிலையத்தின் முக்கிய இலக்குகளுள் ஒன்று. அண்டத்தில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிக்கும் இந்த வினை, விண்மீன் ஆற்றலில் இன்னும் நேரடியாக அளக்கப்படவில்லை.