கண்டனம் என்னும் சொல்லின் பொருள் வரலாறு

‘கண்டனம்’ என்னும் சொல் இக்காலத்தே வெறுப்பையோ எதிர்ப்பையோ வெளியிடுதல் என்னும் பொருளில் வழங்குகின்றது. கண்டனக் கூட்டம், கண்டனத் தீர்மானம் என்பன சான்றாம். முற்காலத்தில் அஃது ஒருவர் கூற்றுப் பொய்யெனக் காரணங் காட்டி நிறுவுதலைக் குறித்தது. இவ்வேறுபாடு சிறிதன்று.

இச்சொல் வடமொழியினின்று வந்தது; உடைத்தல், துணித்தல் என்பன அதன் அடிப்பொருள். துண்டினைக் குறிக்கும் ‘கண்டம்’ என்னும் சொல்லும் இவ்வடியினதே. வாதநூலார் எதிரியின் கொள்கையை உடைத்தலுக்கு இதனை ஆண்டனர். 12ஆம் நூற்றாண்டினரான ஸ்ரீஹர்ஷர் இயற்றிய கண்டனகண்டகாத்யம் அப்பொருளிலேயே பெயர் பெற்றது.

தமிழில் இச்செயலுக்கு உரிய சொல் ‘மறுத்தல்’ என்பதாம். நன்னூலார் நூலுக்குரிய எழுவகை மதங்களுள் மறுத்தலை ஒன்றாக வைத்தார். பிறர் மதத்தை முதற்கண் ஏற்றுப் பின்னர்க் களைதலை வேறொன்றாக எண்ணினார். எதிரியின் கொள்கையை அறிந்து உரைத்த பின்னரே களைதல் வேண்டும் என்னும் முறை இதனாற் புலனாம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் இம்முறையையே கைக்கொண்டார். ஆண்டு உலகாயதம் முதலிய மதங்கள் ஒவ்வொன்றும் முன்னர்க் கூறப்பட்டுப் பின்னர் மறுக்கப்படுகின்றது.

18ஆம் நூற்றாண்டிற் சிவஞான முனிவர், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து இலக்கண விளக்கச் சூறாவளி இயற்றினார். விளக்கை அவிக்கும் காற்று என்னும் பெயர் கடிதே. எனினும் உள்ளே நிகழ்வது நூற்பாக்களை எடுத்து ஆராய்தலாம். 1854இல் வெளிவந்த ஆறுமுக நாவலரின் சைவ தூஷண பரிகாரமும் எதிர்ப்பக்கத்தார் மறைநூலையே சான்றாகக் கொண்டு வாதிடுகின்றது.

அச்சுப் பெருகிய 19ஆம் நூற்றாண்டிற் சமய வாத நூல்கள் பல ‘கண்டனம்’ என்னும் பெயர் தாங்கின. அவற்றுள் நியாயத்தோடு வசையும் கலந்தது. பின்னர்ப் பொதுமேடையில் நியாயம் நீங்கவும் எதிர்ப்பு மட்டுமே சொல்லின் பொருளாய் எஞ்சிற்று எனக் கருதலாம். ‘மறுப்பு’ என்பதும் இன்று ‘இல்லை’ என்று கூறும் அளவில் நின்றுவிடுகின்றது.

ஒன்றை வெறுத்தல் வேறு, இல்லையெனல் வேறு, பொய்யென நிறுவுதல் வேறு. மூன்றாவதற்கு எதிரியின் கூற்றைத் திரிபின்றி எடுத்துரைத்தல் இன்றியமையாதது. ஆராய்ச்சித் துறையிலேனும் மறுப்பு என்னும் சொல்லை அப்பழம்பொருளில் ஆளுதல் நம் கடனாம்.