கூண்டுக்கு முந்திய பயணம்

அண்ணா போக்குவரத்துக் கழகத்தில் ஸ்டியரிங் பிடித்து, 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த வேலை சேசிஸ் ஓட்டுவது. ஓசூரில் புது வண்டியை எடுத்து, நாக்பூரிலோ குவாலியரிலோ டீலரிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலேறித் திரும்ப வேண்டும். ஆர்டர் இருந்தால் நடை, இல்லாவிட்டால் வீடு. லாரித் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலாளி, லோடு, டீசல் விலை என்று எழுதுகிறார்கள். பாடி ஏறுவதற்கு முன் அந்த வண்டியை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதனைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை.

எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் பூட்டியது ஆஸ்டின் கார்களை. பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு சேர்ந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ, ஜெர்மனியின் பென்ஸ் கூட்டில் லாரி செய்ய ஆரம்பித்திருந்தது. ஆலையிலிருந்து வெளியே வந்தவை பெரும்பாலும் வெறும் சேசிஸ்தான்: என்ஜின், கியர்பாக்ஸ், இரும்புச் சட்டம், சக்கரங்கள், ஸ்டியரிங். பாடி கட்டிக்கொள்வது வாங்குகிறவர் பொறுப்பு. நெல்லுக்கு ஒரு மாதிரி, மரத்துக்கு ஒரு மாதிரி, மாட்டுக்கு ஒரு மாதிரி பாடி வேண்டும். அதை உள்ளூர்ப் பட்டறைதான் கட்டித் தர முடியும். கரூரில் பஸ் கூண்டும், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் லாரி பாடியும் பெருந்தொழிலாக வளர்ந்தது இப்படித்தான். 1980-ல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை வந்ததும் எங்கள் சேலம், தர்மபுரிப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு இந்த வேலை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

பஸ் சேசிஸில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது என்ன வேலை என்று தெரியும். முன்னால் கண்ணாடி கிடையாது, தலைக்கு மேல் கூரை கிடையாது, பக்கத்தில் கதவு கிடையாது. இருக்கை என்பது சட்டத்தோடு கயிறு போட்டு இறுக்கிய ஒரு பலகை. அதன் மேல் மடித்துப் போட்ட சாக்கு. தலையில் ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, காதை மூடித் துண்டு. 16 டன் தாங்குவதற்கென்று போட்ட பட்டை ஸ்பிரிங், நாலைந்து டன் எடையோடு ஓடும்போது அசைந்தே கொடுக்காது. ரோட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் வந்து இறங்கும். லோடு இல்லாததால் மழையில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுக்கும். கியரைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இந்த வேலைக்கு ஓய்வு பெற்றவர்களைத் தேடி எடுத்ததற்குக் காரணம் உண்டு. புது என்ஜினை ஆரம்பத்தில் விரட்டக் கூடாது. வண்டி ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர வேண்டும். அவசரப்படாமல் ஓட்டுவது பல வருடம் பயணிகளை ஏற்றி இறக்கிய கைக்குப் பழகிப்போன ஒன்று. இன்னொன்றும் உண்டு. மார்ச் மாதம் கணக்கு முடிவதற்குள் வண்டிகள் குவிந்து வரும், அப்புறம் கேட்பாரில்லை. குடும்பத்தை இதை நம்பியே நடத்துகிற இளைஞனால் அந்த இடைவெளியைத் தாங்க முடியாது. பென்ஷன் வாங்குகிறவனால் முடியும்.

அன்றைய வழி பழைய 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர். அதில் பெங்களூரு, அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத், அடிலாபாத், நாக்பூர் என்று ஏறுவோம். நாக்பூரைத் தாண்டி சிவனி போகும் வரை பெஞ்ச் புலிக்காடு. அங்கே ரோடு அப்போது குறுகலான இருவழிதான். இரவில் அந்தக் காட்டைத் திறந்த சேசிஸில் கடக்க மாட்டோம். நாலைந்து வண்டி ஒன்றாக தாபாவில் நிறுத்திவிட்டு, விடிந்ததும் வரிசையாகக் கிளம்புவோம். தூங்குவதும் வண்டியை ஒட்டியேதான். பேட்டரியோ ஸ்டெப்னியோ காணாமல் போனால், ஒப்படைக்கும்போது லிஸ்டில் குறைந்த பொருளுக்குக் கூலியில் பிடித்தம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, நிரந்தரப் பதிவு ஆகாத இப்படிப்பட்ட புது வண்டிக்கான தற்காலிகப் பதிவைச் சொல்கிறது. அதற்கு அப்போது ஆயுள் ஒரு மாதம். பாடி கட்டப் பட்டறையில் நிற்கும் சேசிஸுக்கு மட்டும் கூடுதல் காலம் தரலாம் என்று அன்றே எழுதி வைத்தார்கள். கூண்டில்லாத வண்டியின் நிலைமையைச் சட்டம் அவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறது. அதை ஓட்டிப் போனவனோ வண்டிக்கு ஆள் அனுப்பிய கான்ட்ராக்டரின் நோட்டில் ஒரு பெயர், அவ்வளவுதான். எனக்கு பி.எஃப். இல்லை, காப்பீடு இல்லை. திரும்பி வரும் ரயில் செலவுக்கும் ஒவ்வொரு முறையும் பேரம் பேச வேண்டியிருந்தது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. ஓட்டுநரின் உடம்பும் ஒரு கணக்கு என்று அரசு ஒப்புக்கொண்டதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் வெறும் சேசிஸாக அனுப்பும் வண்டிக்கு ஏ.சி. சாதனத்தைக் கூடவே கொடுத்துவிட்டால் போதும். பாடி கட்டும்போது பொருத்திக்கொள்வார்கள். அதுவரை ஓட்டிப்போகிறவனுக்கு வெயில்தான், மழைதான். கழற்றி மாட்டக்கூடிய ஒரு கூரையும் முன்கண்ணாடியும் முறையான இருக்கையும் ஆலை வாசலிலேயே மாட்டி அனுப்பலாம். டீலர் அவற்றைத் திருப்பி அனுப்பலாம். நடைக்கு நடை விபத்துக் காப்பீடு போடலாம். இந்த நாட்டின் லாரிகளும் பஸ்களும் தங்கள் முதல் பயணத்தை எங்கள் கையில்தான் முடித்தன. அந்தக் கைகளுக்கு இவ்வளவாவது செய்வது நியாயம்.