ரெயில்கன்: திரையில் ஓயாத பீரங்கி கடலில் ஏன் ஓய்ந்தது?

எறிகணைச் சத்தத்தைப் பற்றி எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தூரத்தில் ‘டொம்’ என்று ஏவும் சத்தம் கேட்டால், அது வந்து விழுவதற்குள் பதுங்குகுழிக்குள் இறங்கச் சில செக்கன்கள் கிடைக்கும். அந்தச் சில செக்கன்களால் உயிர் தப்பியவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். அவற்றையும் இல்லாமற் செய்யக்கூடிய ஒரு பீரங்கியை உருவாக்குவதற்கு, உலகின் பெரிய கடற்படைகள் இருபது ஆண்டுகளாகப் பெரும் பணத்தைக் கொட்டி வருகின்றன.

அந்தப் பீரங்கிக்கு வெடிமருந்து தேவையில்லை. அது மின்சாரத்தாலேயே சுடும். ‘ரெயில்கன்’ என்று அழைக்கப்படும் இந்த மின்காந்தத் தண்டவாளப் பீரங்கி, ஹொலிவூட் படங்களையும் கணினி விளையாட்டுகளையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நல்ல அறிமுகம். திரையில் அது பல ஆண்டுகளாகத் தடையின்றிச் சுட்டுக்கொண்டிருக்கிறது. நிஜத்தில், ஏறத்தாழ 500 மில்லியன் டொலரைச் செலவிட்ட பின்னர் அமெரிக்கக் கடற்படை 2021இல் அந்த வேலையை நிறுத்திவைத்தது. கதைக்கும் கடலுக்கும் இடையே என்ன நடந்தது?

இடக்கை விதியே அடிப்படை

ரெயில்கன்னின் தத்துவம் எளிமையானது. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் படித்த பிளெமிங்கின் இடக்கை விதியை நினைவுபடுத்திக்கொண்டாற் போதும். காந்தப்புலம் ஒன்றினுள் இருக்கும் கடத்தியில் மின்னோட்டம் பாய்ந்தால், அந்தக் கடத்தி ஒரு பக்கமாகத் தள்ளப்படும்.

இரண்டு உலோகத் தண்டவாளங்கள் பக்கம் பக்கமாக நீட்டப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே, இரண்டையும் தொட்டபடி ஓர் உலோகத் துண்டு இருக்கும். ஒரு தண்டவாளத்தின் வழியே வரும் மின்னோட்டம், அந்தத் துண்டைக் கடந்து, மற்றத் தண்டவாளத்தின் வழியே திரும்பிச் செல்லும். இந்த மின்னோட்டமே காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் நடுவில் உள்ள துண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. துண்டின் முன்னால் இருக்கும் குண்டு அதனுடன் சேர்ந்து பறக்கிறது.

வீட்டு மின்விசிறியைச் சுழற்றுவதும் மின்காந்த விசைதான். வேறுபாடு அளவில் இருக்கிறது. இங்கே பாய்வது சில மில்லியன் அம்பியர் மின்னோட்டம்.

ஒன்பது அலகு மின்சாரம்

அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த இலக்கு 32 மெகாயூல் சக்தி. ஏறத்தாழ 10 கிலோகிராம் நிறையுள்ள குண்டு ஒன்றைச் செக்கனுக்கு 2.5 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது ஒலியைப் போல் ஏழு மடங்கு வேகத்தில் எறிவதற்கு அவ்வளவு தேவை. ஒரு தொன் நிறையுள்ள வாகனம் மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதினால் வெளிப்படுவது ஒரு மெகாயூல். அப்படியான 32 வாகனங்கள் ஒரே புள்ளியில் மோதுவதாக எண்ணிப் பாருங்கள்.

ஆனால், இந்த 32 மெகாயூலை வீட்டு மின்பட்டியலின் கணக்கில் மாற்றிப் பார்த்தால் வெறும் ஒன்பது அலகுதான் வரும். ஒரு சிறிய குடும்பம் சில நாட்களில் செலவிடும் மின்சாரம். சிக்கல் எவ்வளவு சக்தி என்பதில் இல்லை, எவ்வளவு நேரத்தில் என்பதில்தான் இருக்கிறது. பத்து மீற்றர் நீளச் சுடுகுழலைக் குண்டு கடக்க எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் ஒன்பது அலகையும் கொட்டுவதென்றால் ஏறத்தாழ 4,000 மெகாவொட் வலு வேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முழுக் கொள்ளளவு 900 மெகாவொட். அதைப் போல் நான்கு நிலையங்களின் வலு, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த நேரத்துக்கு ஒரு கப்பலில் தேவைப்படுகிறது.

இதற்காகவே மின்சாரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்து ஒரேயடியாகக் கொட்டும் கொள்ளளவிகள் பயன்படுத்தப்படுகின்றன. அவை ஒரு பெரிய அறையையே நிரப்பிவிடும். சேர்த்துவைத்த சக்தியிற் பெரும்பகுதி குண்டைச் சென்றடையாமல் வெப்பமாக வீணாகிறது. அந்த வெப்பமும் கப்பலுக்குள்ளேதான் தங்குகிறது.

பீரங்கி கேட்டவருக்குப் பசளை கிடைத்தது

இது புதிய கனவல்ல. நோர்வே இயற்பியலாளர் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட் தண்டவாளத்துக்குப் பதிலாகக் கம்பிச் சுருள்களைக் கொண்ட மின்காந்தப் பீரங்கி ஒன்றை உருவாக்கினார். 1903 மார்ச் மாதத்தில், இன்று ஒஸ்லோ எனப்படும் நகரின் பல்கலைக்கழகத்தில் முக்கியஸ்தர்களை அழைத்து அதைச் சுட்டுக் காட்டினார். மின்னொழுக்கு ஏற்பட்டு, பேரிரைச்சலுடன் தீச்சுவாலை எழுந்தது. பார்த்திருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். பீரங்கி அத்துடன் முடிந்தது. ஆனால், மின்வில்லின் வெப்பத்தால் காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்திப் பசளை தயாரிக்கும் முறையைப் பிர்க்லாண்டும் பொறியியலாளர் சாம் எய்டேயும் உருவாக்கினார்கள். 1905இல் தொடங்கிய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் இந்த முறையிலிருந்தே பிறந்தது.

தண்டவாள வகைப் பீரங்கியை முதலாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் பிரான்சைச் சேர்ந்த போஷோன் வில்பிளே வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மனியர்கள் விமானங்களைச் சுடுவதற்கென ஒன்றைத் திட்டமிட்டார்கள். போர் முடிந்தபின் அந்த ஆவணங்களை ஆராய்ந்த அமெரிக்கர்கள், கொள்கையளவில் அது சாத்தியம் என்றார்கள். ஆனால், ஒவ்வொரு பீரங்கிக்கும் சிக்காகோ நகரின் பாதிக்கு வெளிச்சம் தரும் அளவு மின்சாரம் வேண்டும் என்றும் கணக்கிட்டார்கள். 1970களில் அவுஸ்திரேலியாவின் கன்பரா ஆய்வுகூடத்தில் 3 கிராம் நிறையுள்ள ஒரு துண்டைச் செக்கனுக்கு 5.9 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்து காட்டினார்கள். அதன் பின்னரே இராணுவங்கள் மீண்டும் திரும்பிப் பார்த்தன.

கடற்படைக்கு ஏன் ஆசை வந்தது?

2005இல் அமெரிக்கக் கடற்படை தனது திட்டத்தைத் தொடங்கியது. வேர்ஜீனியா மாநிலத்தின் டால்கிரன் ஆய்வு மையத்தில், 2008 ஜனவரியில் 10.64 மெகாயூல் சூடும், 2010 டிசம்பரில் 33 மெகாயூல் சூடும் நடத்தப்பட்டன. இரண்டாவது அக்காலத்தில் உலக சாதனை.

கடற்படையின் ஆசைக்கு மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது தூரம். வழமையான கப்பற் பீரங்கி ஏறத்தாழ 24 கிலோமீற்றர் சுடும். ரெயில்கன் 160 கிலோமீற்றருக்கு மேல் சுடும் என எதிர்பார்க்கப்பட்டது. இரண்டாவது பாதுகாப்பு. கப்பலுக்குள் வெடிமருந்து அறை இருப்பதே பேராபத்து. 1941இல் பிரித்தானியாவின் ஹூட் போர்க்கப்பல் வெடிமருந்து அறை வெடித்து மூழ்கியபோது, அதிலிருந்த 1,418 பேரில் மூவர் மட்டுமே தப்பினார்கள். மூன்றாவது மலிவு. ஏவுகணை ஒன்றின் விலை பல இலட்சம் டொலரிலிருந்து மில்லியன்களுக்குச் செல்லும். ரெயில்கன் குண்டு ஒன்று ஏறத்தாழ 25,000 டொலர்தான் என 2014இல் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் ரியர் அட்மிரல் மத்தியூ குளுண்டர் கூறினார்.

தன்னைத் தானே தின்னும் பீரங்கி

திட்டத்தின் கழுத்தைப் பிடித்தது தண்டவாளம். மில்லியன் அம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கியபடி, ஒலியை விடப் பல மடங்கு வேகத்தில் ஓர் உலோகத் துண்டு உரசிச் செல்லும்போது தண்டவாளத்தின் மேற்பரப்பு உருகுகிறது, கீறப்படுகிறது. குண்டைத் தள்ளும் அதே காந்த விசை இரண்டு தண்டவாளங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கவும் முயல்கிறது. காணொளிகளில் குண்டின் பின்னே தெரியும் அந்தப் பெருந்தீ வெடிமருந்தின் தீயல்ல. எரிந்து ஆவியாகும் உலோகமும் சூடேறிய காற்றும்தான். ஒவ்வொரு சூட்டின்போதும் பீரங்கி தன்னில் ஒரு பகுதியை இழக்கிறது.

குண்டுக்கும் இதே நிலைதான். 160 கிலோமீற்றருக்கு அப்பால் அது போய்ச் சேரச் சில நிமிடங்கள் எடுக்கும். அதற்குள் இலக்கான கப்பல் இடம் மாறிவிடும். ஆகவே குண்டினுள் வழிகாட்டும் கருவி வேண்டும். அந்தக் கருவி புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு உதைப்பைத் தாங்க வேண்டும். கருவியைச் சேர்த்ததும் விலை ஏறுகிறது.

இதற்கிடையே ஏவுகணைகள் இன்னும் தூரமாகப் பறக்கத் தொடங்கிவிட்டன. 2016இல் கப்பலில் வைத்துச் சோதிக்கும் திட்டம் இருந்தும் அது நடைபெறவில்லை. 2021இல் பணம் நிறுத்தப்பட்டது. ரெயில்கன்னுக்கென உருவாக்கிய குண்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. 2020இல் சாதாரண ஆட்லறியிலிருந்து அதைச் சுட்டு, ஏவுகணையைப் போல் பறக்கவிடப்பட்ட சோதனை இலக்கு ஒன்றை வீழ்த்தினார்கள்.

திரையில் நடப்பது

1996இல் வெளியான ‘இரேசர்’ படத்தில் ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்நேகர் கைக்கொன்றாக இரண்டு ரெயில்கன்களைப் பிடித்துச் சுடுவார். கொள்ளளவி அறை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. 2009இன் ‘ட்ரான்ஸ்போமர்ஸ்’ இரண்டாம் பாகத்தில் அமெரிக்க நாசகாரிக் கப்பல் ஒன்று எகிப்தின் பிரமிட்டில் ஏறும் இராட்சத இயந்திரத்தை ரெயில்கன்னால் வீழ்த்தும். அது ஆர்லி பேர்க் வகைக் கப்பல். அந்த வகையில் அப்போதிருந்த கப்பல்களின் மின்பிறப்பாக்கிகள் தருவது 10 மெகாவொட்டுக்கும் குறைவு. அடுத்தடுத்துச் சுடும் ரெயில்கன்னுக்கு அது போதாது. அந்த அளவு மின்சாரத்தைத் தரக்கூடியதாக இருந்தது 78 மெகாவொட் கொண்ட சம்வோல்ட் வகைதான்.

சில படைப்புகள் நேர்மையாக நடந்துகொள்கின்றன. ‘த எக்ஸ்பான்ஸ்’ தொடரில் விண்கலத்தின் நடு அச்சு வழியே ரெயில்கன் பொருத்தப்பட்டிருக்கும். சுடும்போது எழும் பின்னுதைப்பை ஈடுசெய்யக் கலத்தின் இயந்திரம் எதிர்த்து உந்த வேண்டும் என்பதையும் அந்தக் கதை மறக்கவில்லை.

குண்டு போய்ச் சேரும் இடத்தைப் பற்றி யோசித்த கதையும் ஒன்று உண்டு. ரொபேட் ஹைன்லைன் 1966இல் எழுதிய ‘த மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்’ நாவலில், சந்திரனில் வாழும் மக்கள் பூமிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்து, மின்காந்த எறிபொறியால் பாறைகளை எறிகிறார்கள். ஆளில்லாத இடங்களையே தெரிவுசெய்து, நேரத்தையும் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். இருந்தும் அந்த இடங்களுக்கு மனிதர்கள் வந்து சேர்ந்து மடிகிறார்கள். ‘அறிவித்துவிட்டோம்’ என்று சொல்வதால் உயிர்கள் காப்பாற்றப்படுவதில்லை என்பதை அந்தக் கதை மறைக்கவில்லை.

இன்னும் முடியவில்லை

அமெரிக்கா விட்ட இடத்தில் மற்றவர்கள் நிற்கிறார்கள். 2018இல் சீனாவின் தரையிறங்கு கப்பல் ஒன்றின் முன்பகுதியில் பெரிய பீரங்கி பொருத்தப்பட்ட படங்கள் வெளியாகின. அது ரெயில்கன் என்றே பரவலாகக் கருதப்பட்டது. யப்பான் 2023 ஒக்டோபரில் கப்பலிலிருந்து ரெயில்கன் சுட்டதாக அறிவித்தது. யப்பானியர்கள் அளவைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களின் குண்டு ஏறத்தாழ 320 கிராம்தான். செக்கனுக்கு 2,000 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் 120 தடவை சுட்ட பின்னரும் சுடுகுழல் தாங்கியதே அவர்களின் பெரிய வெற்றி. இந்தியாவின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் சிறிய அளவிற் சோதித்துள்ளது. ஆகவே இந்தப் பீரங்கி என்றோ ஒருநாள் வரக்கூடும்.

அப்படி வந்தால் நன்மை ஒன்றும் உண்டு என்கிறார்கள் ஆதரவாளர்கள். குண்டு வெறும் உலோகம், வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்காது. கண்ணிவெடியும் வெடிக்காத எறிகணையும் அகற்றப்படும்வரை சொந்தக் காணிக்குத் திரும்பக் காத்திருந்த எமக்கு அதன் பெறுமதி தெரியும். ஆனால், ஒலியை முந்தி வரும் குண்டு விழும் இடத்தில், ஏவிய சத்தம் முன்னால் வரப்போவதில்லை. பதுங்குகுழிக்கு ஓடும் செக்கன்கள் அங்கே இல்லை. ‘ஒரு குண்டு 25,000 டொலர்தான்’ என்ற மலிவு, அதிகம் சுடலாம் என்பதற்கான அழைப்பாகவும் மாறலாம்.

ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாவது மேலதிக நெறிமுறையில் இதற்குரிய இரண்டு உறுப்புரைகள் உள்ளன. புதிய ஆயுதம் ஒன்றை உருவாக்கும் அரசு, அது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானதா என ஆராய வேண்டும் என்கிறது 36ஆவது உறுப்புரை. பொதுமக்களைப் பாதிக்கக்கூடிய தாக்குதலுக்கு, சூழ்நிலை இடமளிக்காத வேளைகள் தவிர, பயனுள்ள முன்னெச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்கிறது 57ஆவது உறுப்புரை. சீனாவும் யப்பானும் இந்த நெறிமுறையில் இணைந்துள்ளன. அமெரிக்கா ஒப்பமிட்டும் அதை உறுதிப்படுத்தவில்லை. இந்தியாவும் இலங்கையும் இணையவே இல்லை.

2021இல் ரெயில்கன்னை நிறுத்தியது இந்த உறுப்புரைகள் அல்ல. தேய்ந்துபோன தண்டவாளங்களும் ஏறிக்கொண்டே போன செலவும்தான். தேயாத தண்டவாளத்தை யாராவது கண்டுபிடித்துவிட்டால் அந்தத் தடையும் நீங்கிவிடும். அந்த நாளில் மிஞ்சியிருக்கப்போகும் ஒரே தடுப்பு, இன்று பல நாடுகள் ஒப்பமிடத் தயங்கும் அந்தக் காகிதம்தான்.