கொசினுஸ் ஃபியும் கிணற்று மோட்டாரும்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் வரைந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வற்றாத குளம். அடிவாரத்தில் விவசாயம் பார்க்கும் என் மைத்துனருக்குத் தண்ணீர் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. சென்ற கோடையில் நான் போனபோது, அவருடைய 5 எச்.பி. மோட்டார் மூன்று ஆண்டுகளில் இரண்டாவது முறையாகக் காயில் கட்டி வந்திருந்தது. “லைன் கடைசியில நம்ம கிணறு, அத்தான். வோல்டேஜ் நிக்கிறதே இல்லை” என்றார்.

மோட்டார் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். வோல்ட், ஆம்பியர் இவற்றோடு ‘காஸ் ஃபை’ என்று ஓர் எண். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது பழைய ‘கொசினுஸ் ஃபி’. தமிழில் திறன் காரணி, பேச்சில் பவர் ஃபேக்டர். மைத்துனர் விளக்கம் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

கமலை இறைத்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு முன்னால் இறங்கும்போது சாலில் தண்ணீர் மேலே வரும். பின்னால் ஏறும்போது சால் வெறுமனே கிணற்றுக்குள் போகும். அந்த நடையில் தண்ணீர் இல்லை. ஆனால் அது இல்லாமல் அடுத்த சாலும் இல்லை. மோட்டாரும் அப்படித்தான். தண்ணீர் இறைக்க ஒரு திறன். தனக்குள் காந்தப்புலம் உண்டாக்க இன்னொன்று. இரண்டாவது, செலவாகாமல் லைனில் போவதும் வருவதுமாக இருக்கும். ஆனாலும் கம்பியைச் சூடாக்கும், வோல்டேஜைக் குறைக்கும். அந்தப் போக்குவரத்தை மோட்டாரின் பக்கத்திலேயே முடித்து வைப்பதுதான் கெப்பாசிட்டரின் வேலை.

இந்த இரண்டாவது திறனுக்கு ஒழுங்கான கணக்கு வகுத்தவர்களில் ஒருவர் போல் பூஷெரோ (1869–1943) என்ற பிரெஞ்சுப் பொறியாளர். பல கருவிகள் ஒரே லைனில் இருந்தால் வேலை செய்யும் திறனைத் தனியாகவும், காந்தத்துக்கான திறனைத் தனியாகவும் கூட்டிக்கொள்ளலாம் என்பது அவர் தேற்றம். ஒவ்வொரு கிணற்றின் சிறு பாரமும் டிரான்ஸ்பார்மரில் போய்ச் சேர்ந்துவிடும் என்று இதற்கு அர்த்தம்.

நம் மாநிலத்தில் பைகாரா 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் மின்சாரம் தரத் தொடங்கின. 1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் பிறந்தது. அதன்பின் கிராமங்களுக்குக் கம்பி வர வர, கமலை போய் மோட்டார் வந்தது. கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள். 1970-ல் பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1989-ல் வந்த கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. உயிர் கொடுத்துப் பெற்ற சலுகை. அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று நடந்தது. உயரழுத்த இணைப்புள்ள ஆலையில் திறன் காரணி 0.90-க்குக் கீழே போனால் பில் ஏறும்; அதனால் ஆலைக்காரர் கெப்பாசிட்டர் மாட்டினார். பில்லே வராத கிணற்றில் அதை நினைவூட்ட யாரும் இல்லை.

கிராமத்தில் கெப்பாசிட்டர் என்றால் வேறொன்று நினைவுக்கு வரும்: டூ ஃபேஸ் நேரத்தில் த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஓட்டும் குறுக்குவழி. அது மோட்டாருக்கும் லைனுக்கும் கெடுதல். நான் சொல்வது அதுவல்ல.

எவ்வளவு பெரியது வாங்குவது? 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் சுமார் 4.4 கிலோவாட் இழுக்கும். திறன் காரணி 0.75 என்றால் காந்தத்துக்கு ஏறக்குறைய 3.9 கிலோவார் வேண்டும். 0.90-க்கு உயர்த்தினால் 2.1 போதும். வித்தியாசம் சுமார் 1.75. கடையில் 2 என்று கேட்டு வாங்கலாம். 415 வோல்ட்டில் லைன் கரண்ட் 8.2 ஆம்பியரிலிருந்து 6.7 ஆகும். இழப்பு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இந்த மோட்டாருக்காகக் கம்பியில் வீணாவது மூன்றில் ஒரு பங்கு குறையும்.

“அப்ப 5 போட்டுட்டா இன்னும் நல்லதுதானே?” என்றார் மைத்துனர். கூடாது. மோட்டார் சுமையில்லாமல் சுழலும்போது கேட்கும் காந்தத் திறனைவிடக் கெப்பாசிட்டர் பெரிதாக இருந்தால், கரண்ட் போன பிறகும் சுழலும் மோட்டார் ஜெனரேட்டர்போல வோல்டேஜை எழுப்பி, சுருளைக் கெடுத்துவிடும். குறைவாகப் போட்டால் பயனும் குறையும். இன்னொன்று: கெப்பாசிட்டரின் பலம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 350-க்கு இறங்கினால் 2 கிலோவார் 1.4 ஆகிவிடும். அதிகம் தேவைப்படும் கடைசிக் கிணற்றில்தான் அது சோர்ந்துபோகும்.

அவர் 2 கிலோவார் ஒன்று வாங்கி, ஸ்டார்ட்டருக்கு அப்புறம் மோட்டார் பக்கம் லைன்மேனை வைத்து இணைத்தார். ஒருவர் மட்டும் போட்டால் வோல்டேஜ் பெரிதாக ஏறிவிடாது என்று முன்பே சொல்லிவிட்டேன். அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் மற்றவர்களும் மாட்ட வேண்டும். கண்மாய் மராமத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் போன ஊர்தானே இது! “மேல்கிணத்து மாமாகிட்ட நான் பேசுறேன், அத்தான்” என்றார். பூஷெரோவின் கூட்டல் அங்கேதான் தொடங்க வேண்டும்.