குதிரை இல்லாத ஊரிலிருந்து ஒரு குதிரைக் கதை



நம் ஊர்ப் பிள்ளைகள் மத்ரஸாவில் மனனம் செய்யும் சிறிய சூறாக்களில் ஒன்று அல்ஆதியாத். விரைந்தோடும் குதிரைகளின் பெயரால் அழைக்கப்படும் 100ஆவது அத்தியாயம். ஓதும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு குதிரையை நேரில் கண்டிருப்பார்கள்? சம்மாந்துறை நெல் வயலின் ஊர். நமக்குத் தெரிந்ததெல்லாம் வட்டையும் மாட்டு வண்டிலும், பிறகு வந்த உழவு இயந்திரமும்தான். சம்பான்கள் வந்து தரித்த துறை என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். குதிரை வந்து இறங்கியதாக யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் இன்று ஒரு குதிரை விளையாட்டைப் பற்றி எழுதுகிறோம். அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

குதிரை நமது கடலுக்குப் புதியதல்ல. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கின. அந்த வணிகம் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர் கையில் இருந்தது. மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். நமது தீவில் ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் நெடுந்தீவில் கட்டின்றித் திரிகின்றன. பிரித்தானியர் காலத்தில் கொழும்பிலும் நுவரெலியாவிலும் பந்தயத் திடல்கள் வந்தன. பந்தயம் என்றாலே சூதும் கூட வரும் என்பதால் நம் பெரியவர்கள் அதிலிருந்து தூரமாகவே நின்றார்கள்.

தடைதாண்டல் வேறு வகை. மைதானத்தில் மரக்கம்பங்களால் தடைகள் அமைத்திருப்பார்கள். சவாரி செய்பவர் குதிரையோடு ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். ஒரு கம்பம் விழுந்தால் 4 தவறுப் புள்ளிகள். ஒலிம்பிக்கில் ஒரு தடையின் உயரம் 1.6 மீற்றரைத் தொடும். ஒரு பெரிய மனிதனின் தோள் உயரத்துக்கும் மேல். இங்கிலாந்தில் திறந்த வெளிகள் வேலியிட்டு அடைக்கப்பட்டபோது, வேட்டைக்குப் போனவர்களின் குதிரைகள் வேலி தாண்டப் பழக வேண்டியதாயிற்று. அங்கிருந்து பிறந்த விளையாட்டு இது. 1868இல் டப்ளின் கண்காட்சியில் தாண்டும் போட்டி நடந்தது. 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வந்தது. 1921இல் சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் உருவானது. ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு தேசிய சங்கத்தைத்தான் அது ஏற்கும். அந்தச் சங்கம் பெயர் கொடுக்காமல் யாரும் தன் நாட்டுக் கொடியின் கீழ் சவாரி செய்ய முடியாது.

இந்த விளையாட்டில் கடதாசியின் பலம் அதிகம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் குதிரை நடைப் போட்டியில் சுவீடன் அணி தங்கம் வென்றது. அணியில் ஒருவர் உண்மையில் சார்ஜன்ட், அதிகாரி அல்ல என்று தெரிந்ததும் அடுத்த வருடம் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் இராணுவத்தினரில் அதிகாரிகளுக்கு மட்டுமே இடம். 1952இல்தான் மற்றவர்களுக்கும் கதவு திறந்தது. தடைதாண்டலில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1956இல்.

இனி நம் நாட்டுக் கதை. மெடில்டா கார்ல்ஸன் இலங்கையில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே சுவீடன் தம்பதியர் ஒருவர் தத்தெடுத்துச் சென்றார்கள். அங்கே வளர்ந்து, குதிரையேற்றம் பழகி, சுவீடனுக்காகப் போட்டியிட்டவர், 2018இல் இலங்கைக்காகச் சவாரி செய்ய முடிவெடுத்தார். அவர் அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம், இங்கே இலங்கை குதிரையேற்றச் சங்கம் என்று ஒரு சங்கம் இருந்ததும், அது சர்வதேசச் சம்மேளனத்தில் அங்கம் வகித்ததும்தான். குதிரைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்டில் அப்படி ஒரு சங்கம் எதற்கு என்று அன்று யாராவது கேட்டுச் சிரித்திருக்கலாம்.

2019 இறுதியில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதி அவருக்குக் கிடைத்தது. 2020இல் அது பறிபோனது. பிரான்ஸில் அவர் பங்குபற்றிய போட்டித் தொடர் ஒன்றில், விதிப்படி காலம் கடந்த பின்னர் சில போட்டிகள் நிரலில் சேர்க்கப்பட்டிருந்தன. எனவே அந்தப் புள்ளிகள் செல்லாது என்றது சம்மேளனம். அவர் தடையை ஒழுங்காகத் தாண்டினார். நிரல் போட்டவர்கள்தான் தவறினார்கள். அவரும் சங்கமும் விட்டுவிடவில்லை. விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றம் வரை போனார்கள். இடம் திரும்பக் கிடைத்தது. 2021 ஆகஸ்டில் ஷோபின் என்ற குதிரையோடு அவர் டோக்கியோ மைதானத்தில் இறங்கினார். இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இலங்கையின் முதல் பெயர் அவருடையது.

இதில் நமக்கென்ன?

நம் நாட்டில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் இருக்கிறது. தேசிய சங்கங்கள் அதன் கீழ்தான் பதியப்படுகின்றன. கீழே ஊர்க் கழகம் வரை எல்லாம் பதிவு, கூட்டம், கணக்கு என்றுதான் ஓடுகிறது. சில வருடங்களுக்கு முன் நம் பகுதியில் ஓட்டத்தில் படு கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தான். அவனுடைய கழகம் பதிவைப் புதுப்பிக்கவில்லை. போட்டி நாளன்று பட்டியலில் பெயர் இல்லை. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரமாக நின்றான். அவனுக்காக யாரும் மேல்முறையீடு செய்யவில்லை. அவனைத் தெரிந்த ஆசிரியர்களாகிய நாமும் ஒரு கடிதம் எழுதவில்லை. இப்போது அவன் கட்டாரில் வேலை பார்க்கிறான்.

பிள்ளைக்குக் கால் பலத்தை அல்லாஹ் கொடுத்தான். கடதாசி வேலை நம் பொறுப்பில் இருந்தது.

நம் ஊரில் கழகங்களுக்குக் குறைவில்லை. ஜேர்சி அடிக்கிறோம், கிண்ணம் வைக்கிறோம், படம் போடுகிறோம். உங்கள் கழகத்தின் பதிவு இந்த வருடம் புதுப்பிக்கப்பட்டதா? கடைசியாகப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது? கூட்ட அறிக்கைக் கொப்பி யாரிடம் இருக்கிறது? இந்த மூன்றையும் இன்றைக்கே உங்கள் செயலாளரிடம் கேளுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் பாடசாலை விட்ட பின் எங்களிடம் வாருங்கள், இருந்து எழுதித் தருகிறோம். அடுத்த பிள்ளை வேலியோரமாக நிற்கக் கூடாது, இன்ஷா அல்லாஹ்.